பட்டறைக் கைகளுக்கு பேரியர் க்ரீம் வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்துப் பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை. அதில் மூன்று பேருக்குக் கையில் அரிப்பு, வெடிப்பு. விற்பனைக்கு வந்த ஒருவர், "இது கண்ணுக்குத் தெரியாத கையுறை சார், காலையில் ஒரு தடவை தேய்த்தால் ஷிப்ட் முடியும்வரை எதுவும் அண்டாது" என்று ஒரு பேரியர் க்ரீமை, அதாவது வேலைக்கு முன் கையில் தடவும் தடுப்பு க்ரீமைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கலாமா? உங்கள் மனைவி நடத்தும் கேட்டரிங் சமையலறையில் பாத்திரம் விளக்கும் அக்காக்களுக்கும் அதையே கொடுக்கலாமா?

வாங்கலாம். ஆனால் அவர் சொன்னதை நம்பி வாங்காதீர்கள். அதற்கு முன்னால் இரண்டு பொருளுக்குக் காசு ஒதுக்குங்கள்: ஒன்று, காரம் இல்லாத கை கழுவும் திரவம். இன்னொன்று, வேலை முடிந்து கழுவியபின் தடவ வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். மூன்றில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் மாய்ஸ்சரைசரை வாங்குங்கள். வேலைக்கு முன் தடவும் க்ரீமைவிட வேலைக்குப் பின் தடவும் க்ரீம்தான் அதிகம் உதவுகிறது. நோயாளிகளின் கைகளிலும் ஆய்வுகளிலும் அப்படித்தான் தெரிகிறது.

ஏன் என்று பார்க்கலாம். தோலின் மேலே இருக்கும் செத்த செல்களின் படலம் உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் தடிமன். அந்தச் செல்களுக்கு இடையில் இருக்கும் கொழுப்புதான் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, வெளியே இருப்பதை உள்ளே விடாமலும் பார்த்துக்கொள்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.ஹெச். 5-ஐ ஒட்டி இருக்கும் (இந்த எண் கூடக் கூடக் காரம்). குளியல் சோப்புக் கட்டி 9, 10 வரை போகும். மெஷினில் சூடு தணிய ஊற்றும், தண்ணீரில் கலந்த கூலன்ட் 9-ஐ ஒட்டி. ஈர சிமென்ட் கலவை 12, 13. ஒரு நாள் பட்டால் தோல் சமாளித்துக்கொள்ளும். தினமும் பட்டால், இரவு முழுக்கத் தோல் தேடிச் சேர்த்த கொழுப்பைக் காலையில் மறுபடி கழுவிவிடுகிறோம். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் தாங்கும். புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு இவைதான் முதலில் மாட்டும். முதலில் வறட்சி, அப்புறம் சிவப்பு, அப்புறம் வெடிப்பு. இது எரிச்சல் வகை. வேலையால் வரும் தோல் அழற்சியில் பெரும்பகுதி இதுதான். போதுமான அளவு பட்டால் யாருக்கும் வரும்.

இன்னொன்று ஒவ்வாமை வகை. அது எல்லோருக்கும் வராது. சிலருக்குத்தான் வரும், ஆனால் வந்துவிட்டால் துளி பட்டாலும் போதும், பொங்கிவிடும். நிக்கல், குரோமேட், ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள், கூலன்ட் கெடாமல் இருக்கப் போடும் கிருமிநாசினிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. இந்த வகைக்கு எந்த க்ரீமையும் நம்பக் கூடாது. அந்தப் பொருள் அவர் கையில் படாமல் இருப்பதுதான் வழி.

வேலையால்தான் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய கேள்வி போதும். ஆயுத பூஜை, தீபாவளி என்று நாலைந்து நாள் லீவு வரும்போது கை ஆறுகிறதா, வேலைக்குத் திரும்பியதும் மறுபடி வருகிறதா? ஆமாம் என்றால் பெரும்பாலும் பட்டறைதான் காரணம். உங்கள் மூன்று பேரிடமும் இதைக் கேளுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கைத்தோல் அழற்சி இல்லாத தொழிலாளர்களிடம் தடுப்பு முறைகளைச் சோதித்த ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 2,888 பேர், ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பாய்வு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பிலிருந்து 2018-இல் வந்தது. பேரியர் க்ரீம் மட்டும் தடவியவர்களில் 29 சதவீதம் பேருக்கு அழற்சியின் அறிகுறிகள் வந்தன. தடவாதவர்களில் 33 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் கை உணரும் அளவுக்கு இல்லை. மாய்ஸ்சரைசர் தடவியவர்களில் 13 சதவீதம், தடவாதவர்களில் 19. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது 8-க்கு 13. ஆய்வுகள் சிறியவை, தரமும் ஒரே மாதிரி இல்லை. அதனால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் "ஷிப்ட் முடியும்வரை எதுவும் அண்டாது" என்பதற்கு இதில் எங்கேயும் ஆதாரம் இல்லை.

சரி, அப்படியென்றால் லேத் பட்டறைக்கு எதற்கு பேரியர் க்ரீமை வாங்கச் சொல்கிறேன்? சுழலும் மெஷினில் கையுறை போடக் கூடாது என்பதால்தான். இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலோ டிரில்லோ கையுறையின் நுனியைப் பிடித்தால் விரலோடு இழுத்துக்கொள்ளும். தோலைக் காப்பாற்றப் போய் விரலை இழக்க முடியாது. கையுறை போட முடியாத வேலைகளில்தான் இந்த க்ரீமுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. கையுறை போட முடிகிற இடத்தில் கையுறைக்குப் பதிலாக க்ரீம் கொடுப்பது தவறு.

க்ரீமுக்கு முன்னால் கூலன்ட்டைக் கவனியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான். பால் போல இருக்கும் அந்தக் கலவையில் எண்ணெய் பொதுவாக 5 முதல் 8 சதவீதம்தான் இருக்க வேண்டும்; சரியான அளவு உங்கள் சப்ளையர் கொடுத்த தாளில் இருக்கும். சென்னை வெயிலில் டேங்கிலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், எண்ணெயும் ரசாயனமும் அப்படியே நிற்கும். மே மாதத்தில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் கலவை கெட்டியாகிவிடும். கண்ணளவில் ஊற்றாமல் கலவையின் அளவைக் காட்டும் சிறிய ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்து ஊற்றுங்கள். அப்புறம் திங்கட்கிழமை காலை டேங்கைத் திறந்தால் வரும் அழுகிய முட்டை வாடை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாமல் கிடந்ததில், மேலே மிதக்கும் கழிவெண்ணெய் காற்றை அடைத்து, உள்ளே பாக்டீரியா பெருகியதன் அடையாளம் அது. வாடை போக யாராவது கிருமிநாசினியைக் கைக்கு வந்தபடி ஊற்றுவார்கள். அடுத்த வாரம் கை பொங்கும். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, டேங்கைக் காலி செய்து கழுவிப் புதிதாக நிரப்புவது செலவு போலத் தெரியும். பத்துப் பேருக்கு க்ரீம் வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆட்கள் வேலை செய்யும் விதத்தையும் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். வெர்னியரை வைத்து அளவு பார்ப்பதற்கு முன்னால் ஜாபை, அதாவது கடையும் இரும்புத் துண்டை, வெறும் கையால் வழித்துத் துடைப்பார்கள். கையில் வழிந்ததை பனியன் வேஸ்ட் எனும் கழிவுத் துணியில் துடைப்பார்கள். அதே வேஸ்ட்டில்தான் முந்தின நாள் இரும்புத் தூளைத் துடைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை கை துடைக்கும்போதும் அந்தப் பிசிறுகள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், கீறலுக்குள் கூலன்ட் போகும். ஜாபுக்கு ஒரு வேஸ்ட், கைக்கு ஒரு துணி என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தாலே பலருக்குக் குறையும். பிசிறை எடுக்க ஒரு பிரஷ் கொடுங்கள். எண்ணெயில் ஊறிய பேன்ட் பாக்கெட்டில் வேஸ்ட்டைத் திணித்து வைக்கும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். தொடையில் வரும் எண்ணெய்ப் பருக்களுக்கு அதுதான் காரணம், அதற்கு எந்த க்ரீமும் உதவாது.

ஷிப்ட் முடிந்து கை கழுவுவது அடுத்த கொடுமை. மண்ணெண்ணெய், தின்னர், துணி துவைக்கும் தூளோடு மரத்தூள். கறை போய்விடும், கூடவே தோலின் கொழுப்பும் போய்விடும். எட்டு மணி நேர கூலன்ட்டைவிட இந்த இரண்டு நிமிடம் அதிகம் கெடுக்கிறது என்று நான் நம்புகிறேன். பேரியர் க்ரீமால் கிடைக்கும் முக்கியமான லாபமே இங்கேதான், யாரும் அதைச் சொல்லி விற்பதில்லை. க்ரீம் பூசிய கையில் கிரீஸ் ஆழமாக ஒட்டாது, சாதாரண சோப்புத் திரவத்திலேயே போய்விடும், மண்ணெண்ணெய் தேவைப்படாது.

தடவும் முறைக்கு வருவோம். சுத்தமான, காய்ந்த, வெடிப்பில்லாத கையில் தடவ வேண்டும். எண்ணெய்க் கையில் தடவினால் எண்ணெயைத் தோலோடு சேர்த்து மூடியது போல ஆகிவிடும். ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் அரை கிராம். ஒரு கைக்கு முன்னும் பின்னும் அது போதும். இரண்டு கைக்கும் ஒரு கிராம். வேலை தொடங்கும்போது ஒரு தடவை, டீக்கும் சாப்பாட்டுக்கும் கை கழுவித் திரும்பும்போதெல்லாம் ஒரு தடவை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 3 கிராம் என்று வையுங்கள். பத்துப் பேர், மாதம் 26 நாள் என்றால் முக்கால் கிலோவுக்கு மேல் வரும். அந்த விற்பனைக்காரர் காட்டிய சின்ன ட்யூப் மாதம் முழுக்க வருகிறது என்றால், யாரும் தடவவில்லை என்று அர்த்தம். பொது டப்பாவில் எல்லோரும் விரலை விட்டு எடுப்பது வேண்டாம். இரண்டே நாளில் அதில் இரும்புத் தூள் இருக்கும். பம்ப் வைத்த பாட்டில், அல்லது ஆளுக்கொரு ட்யூப்.

எல்லோரும் உள்ளங்கையில் நன்றாகத் தேய்ப்பார்கள். புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு விட்டுப்போகும். ஒளிரும் சாயம் கலந்த க்ரீமைத் தடவச் சொல்லி விளக்கடியில் பார்த்த ஆய்வுகளிலும் இதையேதான் கண்டார்கள். உங்கள் பட்டறையிலேயே இதைச் செய்து காட்டலாம்: கொஞ்சம் வாசலினில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் குழைத்து, வழக்கம்போலத் தடவச் சொல்லுங்கள். எங்கே மஞ்சள் இல்லையோ அங்கேதான் அவருக்கு வெடிப்பு இருக்கும். ஒரு நாள் செய்து காட்டினால் போதும், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

எந்த க்ரீம் என்றால், தண்ணீர் கலந்த கூலன்ட்டுக்குத் தண்ணீரை ஒட்டவிடாத வகை வேண்டும்: பெட்ரோலேட்டம், டைமெதிகோன், ஜிங்க் ஆக்சைடு மாதிரிப் பொருள்கள் இருப்பது. தண்ணீர் கலக்காத சுத்த எண்ணெயும் கிரீஸுமாக வேலை என்றால் எண்ணெயை விலக்கும், தண்ணீரில் எளிதாகக் கழுவிப் போகும் வகை. "எல்லாவற்றுக்கும் இது ஒன்றே" என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வாசனை வேண்டாம். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று லேபிளில் இருந்தால் வைத்துவிடுங்கள். இந்தப் பதப்படுத்தியால் ஒவ்வாமை பெருகியதால், கழுவாமல் விடும் க்ரீம்களில் இதை ஐரோப்பா 2017-இல் தடை செய்தது. உங்கள் கூலன்ட்டிலும் இதே குடும்பத்துப் பொருள் இருக்க வாய்ப்புண்டு. கம்பளிக் கொழுப்பான லனோலினும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இன்னொரு நடைமுறைப் பிரச்சினை: நம் ஊர் புழுக்கத்தில் பிசுபிசுக்கும் க்ரீமை யாரும் இரண்டாம் நாள் தொட மாட்டார்கள், மைக்ரோமீட்டரும் வழுக்கும். மொத்தமாக வாங்கும் முன் இரண்டு மூன்று வகை சாம்பிள் வாங்கி, வேலை செய்கிறவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தடவுகிற சுமாரான க்ரீம், தடவாத உயர்ந்த க்ரீமைவிட மேல்.

தின்னர், பெட்ரோல், டிகிரீசர் இவற்றுக்கு முன்னால் எந்த க்ரீமும் நிற்காது. சில கரைப்பான்கள் க்ரீம் பூசிய தோல் வழியாக இன்னும் அதிகமாக உள்ளே போனதாகக்கூட ஆய்வுகள் உண்டு. குரோம் முலாம் தொட்டி, எபாக்சி ரெசின், அமிலம் இதெல்லாமும் அப்படித்தான். அங்கே அந்தந்த ரசாயனத்துக்கென்று உள்ள கையுறை மட்டுமே.

இனி கேட்டரிங். இங்கே பதில் வேறு. பாத்திரம் விளக்கும் வேலையில் சுழலும் மெஷின் இல்லை, கையுறை போடலாம். அதனால் பேரியர் க்ரீமுக்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே அதை ஈர வேலை என்று ஜெர்மனியின் பணியிட விதிகள் கணக்கில் எடுக்கின்றன. ஒரு முகூர்த்த நாளில் உங்கள் அக்காக்கள் எத்தனை மணி நேரம் தொட்டியில் கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். காற்றுப் புகாத கையுறைக்குள் வியர்த்து ஊறுவதையும் அதே விதிகள் முன்பு ஈர வேலையாகவே கணக்கிட்டன. அதனால் முழங்கை அருகே வரும் நீளக் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, வியர்த்தால் மாற்ற இரண்டு மூன்று ஜோடி. உள்ளே தண்ணீர் போன கையுறையைப் போட்டுக்கொண்டே வேலை செய்வது, போடாமல் இருப்பதைவிட மோசம். மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் அதன் அடியில் தங்கி, அழற்சி பல பேருக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வெள்ளையாக ஊறிப் பிளந்தால் அது சேற்றுப்புண், பூஞ்சை சேர்ந்திருக்கும். நகக்கண் வீங்கி வலித்தால் நகச்சுத்தி. இரண்டுக்கும் மருந்து வேண்டும், மாய்ஸ்சரைசர் ஆற்றாது.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கட்டாயம் கேட்பார்கள். இரவில் படுக்கப் போகும்போது தேங்காய் எண்ணெயோ வாசலினோ தாராளமாகத் தடவலாம், நல்லதுதான், விலையும் குறைவு. ஆனால் தடவிய கையோடு லேடெக்ஸ் ரப்பர் கையுறையைப் போடக் கூடாது. எண்ணெய் ரப்பரை இளக்கிக் கிழித்துவிடும். நைட்ரைல் கையுறை என்றால் தாங்கும்.

பூண்டு உரிக்கிறவர் யாராவது இருக்கிறார்களா? கையைப் பாருங்கள். வலது கையில் கத்தி பிடிப்பவருக்கு இடது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் காய்ந்து வெடித்திருக்கும், மற்ற விரல்கள் பளபளவென்று இருக்கும். பூண்டில் இருக்கும் ஒவ்வாமைப் பொருள் மெல்லிய ரப்பர் கையுறையைத் தாண்டிப் போகக்கூடியது. அவரை வேறு வேலைக்கு மாற்றுவதுதான் சரி. பூண்டை உரித்த நிலையில் வாங்குவதும் ஒரு வழி.

பக்கத்தில் கட்டட வேலை நடந்து, கொத்தனாரும் சித்தாளும் கேட்டால், சிமென்ட்டுக்கும் க்ரீம் நம்பிக்கை வேண்டாம் என்று சொல்லுங்கள். கையுறையும் பூட்ஸும்தான். சிமென்ட்டில் கரையும் குரோமேட்டை ஃபெரஸ் சல்பேட் சேர்த்துக் குறைக்கலாம் என்று டென்மார்க் 1980-களிலேயே செய்து காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்கு என்று வரம்பே வைத்துவிட்டது. எந்த க்ரீமும் செய்யாத வேலையை அந்த ஒரு விதி செய்தது.

கடைசியாக உங்கள் மூன்று பேர். வெடித்த கைக்கு பேரியர் க்ரீம் தரக் கூடாது. எரியும், உள்ளே போகாததும் போகும். மெடிக்கலில் கேட்டால் கையில் கொடுக்கும் "அரிப்பு க்ரீம்" பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்தது. இரண்டு நாளில் அடங்கும், விட்டதும் திரும்ப வரும், மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். அது ஷிட்யூல் ஹெச் மருந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் ஓபி உண்டு. போகும்போது கூலன்ட், கை கழுவும் பொருள், கையுறை இவற்றின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும். ஒவ்வாமை என்று சந்தேகப்பட்டால், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நாலாம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. அதனால் அந்த வாரம் அவருக்கு லீவு கொடுக்க வேண்டியிருக்கும்.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும். அட்டை இருந்தால் அயனாவரம், கே.கே. நகர் மருத்துவமனைகளில் காட்டலாம். வேலையால் வரும் தோல் நோய் அந்தத் திட்டத்துக்கான சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இருக்கிறது. எந்த மெஷின், எந்த கூலன்ட், எந்த மாதம் தொடங்கியது என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டிலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். பின்னால் சலுகை கேட்கும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.